டவரில் ஒரு கழுகுக் கூடு

கும்பாபிஷேகம் என்றால் கருடன் வர வேண்டும். மற்றதில் எது குறைந்தாலும் திருமுடிவாக்கம் பொறுத்துக்கொள்ளும். பெரிய மனிதர்கள் வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருக்கலாம், மைக் செட் நடுவில் செத்துப்போகலாம், அன்னதானத்தில் சாம்பார் தீர்ந்து ரசம் மட்டும் மிஞ்சலாம். ஆனால் கலசத்தில் தண்ணீர் விழுகிற நேரத்தில் கோபுரத்துக்கு மேலே கருடன் ஒரு சுற்றாவது சுற்றவில்லை என்றால் அந்தக் கும்பாபிஷேகத்தை ஊர் எந்தக் கணக்கிலும் சேர்க்காது. சாஸ்திரத்தில் இது எங்கே இருக்கிறது என்று கேட்டால் குருக்கள் சிரித்து மழுப்புவார். ஆனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போனதும் அவரும் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்.

எல்லையம்மன் கோயில் தர்மகர்த்தா பொன்னுரங்கத்துக்கு இந்தப் பங்குனியில் தூக்கம் போனது இதனால்தான். போன கும்பாபிஷேகம் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்போது தர்மகர்த்தாவாக இருந்தவர் அவருடைய பெரியப்பா மகன் ராஜகோபால். அன்றைக்குக் கருடன் வந்தது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ராஜகோபால் அதைச் சொல்லச் சொல்ல, வருஷத்துக்கு வருஷம் அந்தக் கருடன் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியாக ஒரு கல்யாணப் பந்தியில் அவர் சொன்னபோது அதன் இறக்கை கலசத்தை உரசிவிட்டுப் போனது.

"நீயும் நடத்து. அம்மன் மனசு வெச்சா வரும்" என்று அந்தப் பந்தியிலேயே சொன்னார். வராது என்று அர்த்தம்.

இரண்டு குடும்பமும் ஒரு காலத்தில் நெல் போட்ட நிலத்தில் இப்போது லேத்துப் பட்டறைகள் இரைந்துகொண்டிருக்கின்றன. வரப்புத் தகராறு செய்ய வரப்பு இல்லாததால் பங்காளிகளுக்கு மிச்சம் இருப்பது கோயில் ஒன்றுதான். பொன்னுரங்கம் தண்ணீர் லாரி விடுகிறவர். ஆள் ஏற்பாடு, வண்டி ஏற்பாடு, இடம் ஏற்பாடு எல்லாம் அவருக்குப் போனில் முடிகிற வேலை. விமானத்துக்குப் புதுச் சுதை, கலசத்துக்கு முலாம், யாகசாலைக்குத் தகரக் கொட்டகை என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டார். கருடனை மட்டும் யாருக்குப் போன் போட்டு வரவழைப்பது என்று தெரியவில்லை. அறுபது வயதைத் தாண்டிய மனிதர் ஒரு பறவைக்காக இப்படிப் பயந்தார் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். பயந்தார், அதுதான் உண்மை.

கோயிலுக்குப் பின்னால் அவருடைய காலி மனையில் ஒரு செல்போன் டவர் நிற்கிறது. வைத்த கம்பெனி கடையை மூடிக்கொண்டு போய்விட்டது. டவர் மட்டும் துருவேறி அங்கேயே நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து சீரியல் பல்பைத் தொங்கவிட்டு, நடுவில் அம்மன் உருவத்தை விளக்கால் எழுதிவிட்டால் குன்றத்தூர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவன்கூடக் கையெடுத்துக் கும்பிடுவான் என்பது அவர் யோசனை. அதற்காகப் பம்மலிலிருந்து லைட் செட் போடும் ஜெரோமைக் கூப்பிட்டார். மாதா கோயில் திருவிழா, மாரியம்மன் கோயில் திருவிழா, கட்சி மாநாடு எதுவானாலும் இந்தப் பக்கத்தில் உயரத்தில் ஏறி பல்பு கட்டுகிறவன் ஜெரோம்தான்.

ஜெரோம் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறினான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்றான். செல்போனை எடுத்து எதையோ படம் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டான்.

"அண்ணா, மேல கூடு கீதுணா. குஞ்சு ஒண்ணு குந்திகினு கீது. நல்லா வளந்த குஞ்சு."

"இன்னா குஞ்சு? காக்காவா?"

"காக்கா இல்லணா. கழுகு மாரி கீது. நீயே பாரு."

படத்தில் குச்சிக் கூடு ஒன்றும், அதன் விளிம்பில் ஒரு பறவையும் தெரிந்தன. உடம்பெல்லாம் மண் நிறம், அங்கங்கே வெளுத்த கீற்று, வளைந்த மூக்கு. தாம்பரம் மார்க்கெட்டில் கறிக்கடைக்கு மேலே குடல் பொறுக்கச் சுற்றுகிற கழுகு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. பொன்னுரங்கம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கழுகு கூடு கட்டிய இடத்துக்குக் கருடன் வராது என்று அவருக்கு உடனே தோன்றிவிட்டது. யார் சொல்லிக் கேட்டார் என்றால் அவருக்கே தெரியாது. பயந்தவனுக்கு இந்த மாதிரி விஷயங்கள் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

"எட்த்துடு" என்றார்.

"அத்த மட்டும் சொல்லாதணா. நம்ம மெர்வின் தெரியும்ல, தாம்பரத்துல? போன வருசம் ஒரு ஷெட்டு மேல இருந்த கூட்டக் கலைச்சான். எவனோ வீடியோ எடுத்துப் போட்டுட்டான். ஃபாரஸ்ட்காரங்க தூக்கிகினு போயிட்டாங்க. இன்னும் கோர்ட்டுக்கு அலைஞ்சிகினு கீறான். துபாய்ல வேலை கெடச்சும் போவ முடியல. பெரிய பேஜாருணா. அவங்க கையால பேப்பர் வாங்கிக் குடு, நான் எடுக்கறேன். பேப்பர் இல்லாம நான் தொட மாட்டேன்."

பொன்னுரங்கம் வனத்துறை அலுவலகத்துக்குப் போனார். காடே இல்லாத ஊரில் வனத்துறைக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே போனவர், அங்கே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்து அசந்துபோனார். வீட்டுக்குள் பாம்பு, மாடியில் குரங்கு, கிணற்றில் உடும்பு என்று ஆளுக்கு ஒரு புகார். வனவர் தமிழினி சின்ன வயசுப் பெண். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"கூட்டை ஏன் சார் எடுக்கணும்?"

கருடன் வராது என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. "பக்தர்ங்க பாதுகாப்பு மேடம். கூட்டம் சாஸ்தியா வரும். கொத்திடுச்சுன்னா?"

"குஞ்சு இருக்கிற கூட்டை எடுக்கணும்னா அனுமதி நாங்க குடுக்க முடியாது சார். தலைமை வன உயிரினக் காப்பாளர் குடுக்கணும். மனுஷங்களுக்கு ஆபத்துன்னு நிரூபிக்கணும். கூட்டைக் கலைக்கிறது மட்டுமில்ல, மரத்தை வெட்டுறது, பக்கத்துல வேட்டு போடுறது, கூட்டு மேல லைட் அடிக்கிறது, அதுக்குத் தொந்தரவா எது செஞ்சாலும் கேட்டுட்டுத்தான் செய்யணும். கேக்காம செஞ்சா ஜெயில்கூட உண்டு. நான் வந்து பாக்கறேன்."

சொன்னபடியே மறுநாள் ஸ்கூட்டியில் வந்தாள். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. டவருக்குக் கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். பொன்னுரங்கம் குடை பிடிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். வேண்டாம் என்றுவிட்டாள்.

"பெருசு ரெண்டும் இல்ல, இரை தேடப் போயிருக்கும். குஞ்சு மட்டும் தெரியுது. நல்லா இருக்கு. இறக்கையை விரிச்சு விரிச்சுப் பழகுது, இந்த மாசக் கடைசியில தானா பறந்துடும். அதுவரைக்கும் விட்டுடுங்க சார். கும்பாபிஷேகத்தை நீங்க தாராளமா நடத்துங்க. டவர்ல லைட் வேண்டாம், வேட்டு வேண்டாம். அவ்வளவுதான்."

"மாசக் கடைசிக்கு முன்னாடியே முகூர்த்தம் மேடம்."

"அதனால என்ன? அது பாட்டுக்கு அங்க இருக்கும், நீங்க பாட்டுக்கு இங்க நடத்துங்க."

எப்படிச் சொல்வது இவளுக்கு என்று பொன்னுரங்கம் தவித்தார். கடைசியில் சுற்றி வளைத்து, "ஒரு கழுகுக்கா மேடம் இவ்ளோ சட்டம்? கருடன்னா சரி, சாமி. நாங்களே தொட மாட்டோம்" என்றார்.

"சட்டத்துல சாமி கணக்கு இல்ல சார். கழுகு, கருடன், வல்லூறு எல்லாத்துக்கும் ஒரே பாதுகாப்புதான். இது எந்த வகைன்னு பெருசு வந்தா பாத்து எழுதிக்கலாம். எதுவா இருந்தாலும் விதி ஒண்ணுதான், அவசரம் இல்ல."

அதற்குள் அவள் போன் அடித்தது. அனகாபுத்தூரில் யார் வீட்டு வாஷிங் மெஷினுக்குள்ளோ சாரைப் பாம்பு. ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அவள் மேல் தப்புச் சொல்ல முடியாது. அவளுடைய வேலைக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. பொன்னுரங்கத்துக்கோ அந்த ஒரு வித்தியாசத்தைத் தவிர வேறு எதுவுமே தேவைப்படவில்லை. ஆனால் அவர் கேட்கவில்லை. மண் நிறத்தில் இருப்பது கழுகு, செம்பட்டை முதுகும் வெள்ளைக் கழுத்துமாக இருப்பது கருடன், இதில் கேட்க என்ன இருக்கிறது? கழுகையும் கருடனையும் ஒன்றாக வைத்துச் சட்டம் எழுதியவன் கும்பாபிஷேகமே பார்த்திருக்க மாட்டான் என்று வீட்டில் வந்து மனைவி செல்லியம்மாளிடம் கத்தினார். செல்லியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷமாக அவர் கத்தலைக் கேட்டுக்கொண்டே வீட்டு வேலைகளை முடித்தவள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கருடன் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. காலையில் யாகசாலைக்குக் கொம்பு நடுகிற நேரத்தில் கோயிலைத் தாண்டித் தாழ்வாகப் பறக்கும். உடனே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, கிருஷ்ணா கிருஷ்ணா என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பொன்னுரங்கம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே போட்டுக்கொள்வார். எல்லாரும் கண்ணைத் திறக்கும்போது பறவை இருக்காது. கருடனைப் பார்க்காத ஆள் இந்த ஊரில் கிடையாது. அது எங்கே போகிறது என்று பார்த்த ஆளும் கிடையாது.

"நோட்டம் பாத்துட்டுப் போவுது" என்பார் பொன்னுரங்கம். "இந்தக் கழுகு சனியன் இருக்கறதால தான் எறங்கி வர மாட்டேங்குது."

மனு எழுதிக் கொடுத்தார். டவர் படம், கோயில் படம், கும்பாபிஷேகப் பத்திரிகை எல்லாம் வைத்துத்தான் கொடுத்தார். தினமும் போன் போட்டார். மேலே அனுப்பியிருக்கிறோம் சார், பதில் வரவில்லை சார் என்று தமிழினி தினமும் சொன்னாள். நடுவில் ஒரு நாள், "வந்தாலும் வேண்டாம்னுதான் சார் வரும், இப்பவே சொல்லிடறேன்" என்றும் சொன்னாள். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொதுவாகவே அவருக்கு அனுமதி என்பது கேட்டால் கிடைக்கிற விஷயம். கிடைக்கவில்லை என்றால் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

காப்புக் கட்டினார்கள். தர்மகர்த்தா கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் கும்பாபிஷேகம் முடியும்வரை ஊரைத் தாண்டக் கூடாது, வீட்டில் கறி மீன் ஆகாது, பொய் சொல்லக் கூடாது. முதல் இரண்டையும் பொன்னுரங்கம் சுத்தமாகக் கடைப்பிடித்தார். மூன்றாவதைக் காப்புக் கட்டிய மறுநாளே கைவிட்டார்.

"ஜெரோமு, பர்மிஷன் வந்துடுச்சுடா."

"பேப்பர் எங்கணா?"

"மேடம் போன்ல சொல்ட்டாங்க. பேப்பர் பின்னால வரும். எப்பவும் இப்டித்தான, வாயால சொல்லுவாங்க, பேப்பர் மெதுவா வரும். என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

ஜெரோம் கொஞ்ச நேரம் அவர் கையில் கட்டியிருந்த காப்பைப் பார்த்தான். காப்புக் கட்டினவர் பொய் சொல்ல மாட்டார் என்று மாதா கோயிலுக்குப் போகிற அவனும் நம்பினான். ஊரில் பிறந்து வளர்ந்தவன் வேறு எதை நம்புவான்? மனசு கேட்காமல்தான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முதுகில் சாக்குப் பையோடு ஏறினான்.

உச்சி வெயில். பொன்னுரங்கம் கோயில் நிழலில் நின்றுகொண்டார். மேலே என்ன நடக்கிறது என்று அண்ணாந்து பார்த்தால் கண் கூசியது. ஜெரோம் இறங்கி வந்தபோது கையெல்லாம் கீறி ரத்தம் கசிந்தது. குச்சிகளைத் தட்டிவிட்டிருந்தான். குஞ்சு சாக்குப் பைக்குள் துள்ளியது.

"பாதி எறங்கசொல்ல ஏதோ ஒண்ணு வந்து ஹெல்மெட்டுல அட்ச்சிட்டுப் போச்சுணா. நான் நிமிந்தே பாக்கல. கை வுட்டா செத்தேன். பேப்பர் வந்தா உடனே குடுத்துடு."

சாயங்காலமே டவர் முழுக்க சீரியல் பல்பு எரிந்தது. நடுவில் பச்சையும் சிவப்புமாக அம்மன் கண்ணைச் சிமிட்டினாள். ஊர் வந்து நின்று பார்த்தது. பொன்னுரங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

குஞ்சை மிக்ஸி வந்த அட்டைப் பெட்டியில் வைத்து, மாடிப்படி ஏறியதும் இருக்கிற சின்ன அறையில் வைத்தார். அதைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. கும்பாபிஷேகம் முடிந்ததும் தமிழினியைக் கூப்பிட்டு, காற்றில் கீழே விழுந்துவிட்டது மேடம் என்று ஒப்படைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அதுவரை சோறு போட வேண்டுமே? செல்லியம்மாளிடம் சொன்னார்.

"இது கறி திங்கிற சென்மம்" என்றாள் அவள்.

"காப்புக் கட்டின வூட்ல கறியா? ஊர் காறித் துப்பும்."

"அப்ப இன்னா போட?"

பாலைக் காய்ச்சி ஆற்றிக் கிண்ணத்தில் வைத்தார்கள். தொடவில்லை. தயிர்சாதம் பிசைந்து வைத்தார்கள். அதன் மேல் ஏறி நின்று மிதித்தது. யாகசாலைச் சர்க்கரைப் பொங்கலை வாழையிலையில் வைத்து, "அம்மா பிரசாதம், சாப்புடு கண்ணு" என்று செல்லியம்மாள் கெஞ்சியும் பார்த்தாள். பறவை வாயைத் திறந்தது. சாப்பிட இல்லை, கத்த. மூக்கால் இழுத்து இழுத்துக் கத்துகிற மெல்லிய சத்தம், பால் குடிக்கிற பிள்ளை பசியில் சிணுங்குவதுபோல இருந்தது. அந்தச் சத்தம் மாடிப்படி வழியாகக் கூடத்துக்கு வந்தது. சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பொன்னுரங்கத்துக்கு மட்டும் போகும்போதும் வரும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தது. தலையணை உறையைப் பெட்டி மேல் போட்டு மூடினார். கும்பாபிஷேகத்தன்று காலையில் அந்தச் சத்தம் நிறையக் குறைந்திருந்தது. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்குத் தெரு கொள்ளாத கூட்டம். பம்மலிலிருந்தும் குன்றத்தூரிலிருந்தும் ஷேர் ஆட்டோ நிறைய வந்து இறங்கினார்கள். பட்டறைகளுக்கு விடுமுறை விட்டிருந்ததால் வடநாட்டுப் பிள்ளைகளும் கூரை மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். விமானத்தைச் சுற்றிச் சவுக்குக் கழியால் சாரம் கட்டி, மேலே பலகை போட்டிருந்தது. குருக்கள் தலையில் குடத்தோடு முன்னால் ஏற, தலையில் பரிவட்டம் கட்டிய பொன்னுரங்கம் மூச்சு வாங்கப் பின்னால் ஏறினார். மேலே போய் நின்றதும் கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. எல்லா முகமும் வானத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ராஜகோபால் மட்டும் வானத்தைப் பார்க்காமல் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வானம் காலியாக இருந்தது. ஒரு காக்கைகூட இல்லை.

குருக்கள் மந்திரத்தை இழுத்தார். இன்னொரு முறை ஆரம்பத்திலிருந்து சொன்னார். நாதஸ்வரக்காரர் மூச்சு முட்ட வாசித்தார். பொன்னுரங்கம் சாரக் கழியைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் தான் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், எந்தச் சாவு வீட்டு வாசலில் நின்றாலும் ஒரு கண் சிரிக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. அம்மா, தாயே, இந்த ஒரு தடவை என்று வேண்டிக்கொண்டார். வாழ்க்கையில் அவர் உண்மையாக வேண்டிக்கொண்டது அநேகமாக அப்போதுதான்.

பழைய கல்குவாரியில் தண்ணீர் தேங்கி நிற்கிற கல்குட்டைப் பக்கத்திலிருந்து வந்தது. முதலில் ஒரு புள்ளி. அப்புறம் செம்பட்டை இறக்கை. அப்புறம் வெயிலில் பளிச்சென்று வெள்ளைக் கழுத்து.

"கருடன்! கருடன்!"

ஊர் ஒரே குரலில் கத்தியது. ஓம் சக்தி, பராசக்தி என்று கைகள் உயர்ந்தன. குருக்கள் குடத்தைச் சாய்த்தார். கலசத்தில் தண்ணீர் விழுந்து தெறிக்க, அதற்கு நேர் மேலே கருடன் சுற்றியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பின்னாலேயே இரண்டாவதும் வந்து சேர்ந்துகொண்டது. முதல் பறவையின் காலில் என்னவோ தொங்குவதைப் பார்த்துவிட்டு யாரோ, "பாம்பு! கால்ல நாகத்தோட வந்துக்கீறான் பாரு!" என்று அலறினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். படத்தில் பார்க்கிற கருடனே நேரில் வந்துவிட்டதாக ஊர் நம்பிவிட்டது. பொன்னுரங்கத்துக்குக் கால் தரையில் இல்லை. ராஜகோபாலைத் தேடிப் பார்த்தார். அவரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கருடன் போகவில்லை. போன தடவை வந்தது சுற்றிவிட்டுப் போய்விட்டது, இது போகவில்லை. கோபுரத்தைச் சுற்றி, டவரைச் சுற்றி, மறுபடி கோபுரத்தைச் சுற்றியது. கீழே இருந்தவர்களுக்கு விமானம் மறைத்தது. மேலே நின்ற பொன்னுரங்கத்துக்கு மட்டும் டவர் உச்சி முழுசாகத் தெரிந்தது. கருடன் அங்கே போய் இறங்கியது. கூடு இருந்த இடத்தில், சீரியல் வயர்களுக்கு நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. காலில் தொங்கியது பாம்பு இல்லை, மீன். கல்குட்டை ஜிலேபி மீன். அதன் வால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பறவை இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, கம்பிக்குக் கீழே குனிந்து பார்த்தது. பிறகு மீனோடு எழும்பிக் கத்திக்கொண்டே சுற்றியது.

மூக்கால் இழுத்து இழுத்துக் கத்துகிற அந்தச் சத்தத்தைப் பொன்னுரங்கத்துக்குத் தெரியும். மாடிப்படியில் கேட்ட சத்தம்தான். கழுகு, கழுகு என்று எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு அப்போது புரிந்தது. கருடனுக்கும் பிள்ளை பிறக்கும், அந்தப் பிள்ளை மண் நிறத்தில் இருக்கும் என்று ஊரில் யாரும் யோசித்ததில்லை, அவரும் யோசித்ததில்லை.

சாரத்தின் மேலேயே நின்றுகொண்டு போனை எடுத்தார். அந்த மேளச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு பேச வேண்டியிருந்தது.

"மேடம், பொன்னுரங்கம் பேசறேன். அந்தக் கூட்ட எடுத்துட்டோம் மேடம். அது கருடன் மேடம்."

இன்னொரு தடவை சொன்னார்.

"குஞ்சு உயிரோட இருக்கா சார்?" என்றாள் தமிழினி.

"காலையில இருந்துச்சு."

"என்ன குடுத்தீங்க?"

"பால் வெச்சோம். தயிர்சோறு. பொங்கல்."

"சார், அது மீனு, எலி திங்கிற பறவை. பட்டினியா கிடந்திருக்கு. அதைக் கையில தூக்காதீங்க, காத்துப் படாம மூடி வைக்காதீங்க. நான் கிளம்பிட்டேன். யார் ஏறி எடுத்தது?"

"நான்தான்."

"நீங்களா? அந்த டவர்லயா?" அவருடைய வயிற்றை அவள் பார்த்திருக்கிறாள்.

"நான்தான்னு எழுதிக்கோ தாயி. வேற யாரு பேரும் எழுதாத."

இறங்கும்போது இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். கீழே கால் வைத்ததும் கூட்டம் மொய்த்துக்கொண்டது. ஒரு பெண் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவர் காலில் போட்டாள். வீட்டுக்குப் போக வேண்டும், வழி விடுங்கள் என்று அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜகோபால் வந்தார். கையில் ஆளுயர மாலை. தனக்குப் போட வைத்திருந்ததோ என்னவோ, அதைப் பொன்னுரங்கத்தின் கழுத்தில் போட்டார். தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை.

"எனக்கு வந்தது ஒரு சுத்து சுத்திட்டுப் போயிடுச்சுடா. இத்தினி வருசமா நான் சொன்னதெல்லாம் கூடச் சேத்துச் சொன்னதுதான். உன்னை வுட்டுப் போவவே மாட்டேங்குது பாரு. நீதாண்டா குடுத்து வெச்சவன்."

பொன்னுரங்கம் உடைந்து அழுதார். மாலையோடு, பரிவட்டத்தோடு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். சுற்றி நின்றவர்களுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. இப்படி ஒரு பக்தியை எங்கே பார்ப்பது என்று பேசிக்கொண்டார்கள்.

மேலே இரண்டும் கத்திக்கொண்டே சுற்றின. பந்திக்குப் போகிறவர்கள் நின்று நின்று அண்ணாந்து பார்த்து, பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள்.